முறைப்படி அறிவிக்கப்பட்ட காலி டப்பா

தையல்காரர் குடியிருக்கும் வீடு பதினேழு ஏ. முகவரிப் பதிவகத்தின் கணிப்பொறியில் அது எழுபத்தொன்று. இரண்டுக்கும் நடுவே ஐம்பத்து மூன்று வீடுகளும், ஒரு மரக்கடையும், பெரும்பாலும் மூடியே கிடக்கும் ஒரு ரயில்வே கேட்டும் இருந்தன. இதனால் யாருக்கும் ஒரு குறைச்சலும் இல்லாமல் ஆறு வருஷம் ஓடியது. வாடிக்கையாளர்களுக்குக் கடை தெரியும், உறவுக்காரர்களுக்கு வழி தெரியும்.

ஆம்புலன்ஸுக்கு மட்டும்தான் தெரியவில்லை. மனைவிக்கு ஆறாம் மாதத்தில் ரத்தம் பட்டபோது தையல்காரர் போன் செய்தார். வண்டி சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்தது, எழுபத்தொன்றாம் எண் வீட்டுக்கு. அங்கே தனியாக இருந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் தனக்கு ஒன்றுமில்லை என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், அவரைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் காரை எடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, மறுபடியும் படலாம், பட்டால் அரை மணி நேரத்துக்குள் இங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு உயிருக்கும் நான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரருக்கு அடுத்த மாதமே வேலை மாற்றல் வந்தது. குடும்பத்தோடு போய்விட்டார், காரோடு.

ஒரு எண்ணைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது என்று தையல்காரர் கடையை அரை நாள் மட்டும் மூடிவிட்டுப் பதிவகத்துக்குப் போனார்.

பதிவகம் இரண்டாவது மாடியில் இருந்தது. உள்ளே கண்ணாடித் தடுப்பு, தடுப்பில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் கறுப்புத் திரையோடு ஒரு கணிப்பொறி. திரையின் முன்னால் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அலுவலகத்தில் கட்டளையம்மா என்று பெயர். அந்தத் திரையில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கட்டளையை எழுத்தாக அடித்தால் வேலை நடக்கும். அவர் விவரத்தைக் கேட்டார், பதிவை எடுத்தார், தப்பாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

"நாலு வரி வேலை டெய்லர் சார். ஒரு நிமிஷம்கூட ஆகாது" என்றார். பிறகு பெருமூச்சு விட்டு, ஓட்டை வழியாக ஒரு படிவத்தை நீட்டினார்.

நாலு வரி என்னவென்று கேட்டதற்கு அவர் பொறுமையாகவே விளக்கினார். முதல் வரியில் ஒரு டப்பாவுக்குப் பெயர் வைத்து, அதில் எண் வருமா எழுத்து வருமா, எழுத்தென்றால் எத்தனை என்று அறிவிக்க வேண்டும். இரண்டாவது வரியில் டப்பாவுக்குள் மதிப்பைப் போட வேண்டும். மூன்றாவது வரியில், டப்பாவில் இருப்பதை எடுத்து இன்ன வீட்டின் பதிவில் வை என்று கட்டளை. டப்பாவின் பெயருக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்தால் கருவி புரிந்துகொள்ளும். நாலாவது வரியில் உறுதி செய்வது. டப்பாவுக்குக் கணிப்பொறிக்காரர்கள் வைத்த பெயர் பைண்ட் வேரியபிள். தையல்காரருக்கு இது உடனே பிடிபட்டது. அளவு நோட்டில் கழுத்து, தோள், கை என்று முதலில் எழுதி வைத்துக்கொண்டு, ஆள் வந்ததும் அங்குலத்தை நிரப்புவதில்லையா, அதுதான்.

பிடிபடாதது அந்தப் படிவம். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்த அலுவலகத்தில் டப்பா கிப்பா எதுவும் கிடையாது. வேண்டிய எண்ணை நேராகக் கட்டளையிலேயே அடிப்பார்கள். அப்படி ஒருநாள் ஓர் அலுவலர் யாரோ ஒருவருடைய கதவு எண்ணை நாலு என்று மாற்றப் போய், யாருடையது என்பதை எழுத மறந்துவிட்டார். கருவிக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது. ஊரிலுள்ள அத்தனை வீடுகளும் நாலாம் எண் ஆயின. ஒன்றரை நாள் அப்படியே இருந்தது. விசாரணைக் குழு மூன்று மாதம் உட்கார்ந்து, யாருக்கு என்று எழுதாததை விட்டுவிட்டு, நாலை நேராக எழுதியதுதான் குற்றம் என்று கண்டுபிடித்தது. இனி எந்த மதிப்பும் நேராக எழுதப்படக் கூடாது, வேரியபிள் அறிவித்தே எழுதப்பட வேண்டும் என்று விதி வந்தது. விதியைக் காப்பாற்ற ஒரு பிரிவும் வந்தது. இந்த விஷயத்தில் ஊரிலேயே அனுபவம் உள்ளவர் அவர் ஒருவர்தான் என்பதால், அதே அலுவலரையே அறிவிப்பு அலுவலராகப் போட்டார்கள். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை நாலு சார் என்று கூப்பிட்டார்கள்.

நாலு சாரின் மேஜையில் ஒரு சின்ன மணி இருந்தது. அவர் தையல்காரரை உட்காரச் சொன்னார். ரத்தம் பட்டது, டாக்டரம்மா சொன்னது எல்லாவற்றையும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா அவசரம்னு வர்றவங்களாலதான் தப்பே நடக்குது. நானும் அன்னிக்கு அவசரத்துலதான் இருந்தேன். அதனால இங்க அவசர விண்ணப்பத்துக்கு மட்டும் கூடுதலா ரெண்டு கையெழுத்து வச்சிருக்கோம்" என்றார்.

அவசரம் என்ற கட்டத்தில் போட்டிருந்த கோட்டைத் தையல்காரர் அங்கேயே அழித்தார். அழித்தல் திருத்தல் உள்ள படிவம் செல்லாது என்பதால் புதுப் படிவம் வாங்க மறுநாள் வரச் சொன்னார்கள்.

முதல் நாலு நாள் பெயர் வைப்பதில் போயிற்று. டப்பாவுக்குக் கதவு என்று பெயர் வைப்பதா, வாசல் என்று வைப்பதா என்று பெயர்க் குழுவில் இரண்டு கட்சி. கதவு என்பது மூடுகிற பொருள், மக்கள் மத்தியில் பதிவகத்தைப் பற்றித் தவறான எண்ணம் வரும் என்று ஒருவர் குறிப்பு எழுதினார். கடைசியில் வாசல் வென்றது. தையல்காரரையும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவரும் போட்டார், பிறக்கப்போகிற பிள்ளைக்கே இன்னும் பெயர் யோசிக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே.

ஐந்தாம் நாள் நாலு சார் மணியை அடிக்க, வாசல் என்ற வேரியபிள் எண் வகையாக அறிவிக்கப்பட்டது. அதில் மதிப்பைப் போடுவது வேறு பிரிவு. அறிவிக்கிறவரும் நிரப்புகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் தப்பு நடக்கும் என்று மதிப்புப் பிரிவைத் தனியாக வைத்திருந்தார்கள். மதிப்பு அலுவலர் கீழ்மாடியிலிருந்து மூச்சு வாங்க ஏறி வந்து பதினேழு ஏ என்று சொன்னார். கட்டளையம்மா அடித்தார். எண் வகை டப்பாவுக்குள் ஏ போகாது என்று கருவி திருப்பிவிட்டது.

நாலு சார் தையல்காரரைப் பார்த்த பார்வையில் வருத்தம் இருந்தது. அந்த ஏ அவசியமா என்று கேட்டார். பதினேழு வீட்டுக்காரருடையது, அவர் கீழே இருக்கிறார், பின்பக்கத்து மாடிதான் பதினேழு ஏ, அதில்தான் நாங்கள் இருக்கிறோம் என்று தையல்காரர் விளக்கினார். வீட்டுக்காரரோடு ஒரு சமாதானத்துக்கு வரப் பாருங்கள் என்று நாலு சார் ஆலோசனை சொன்னார்.

ஏழாம் நாள் எழுத்து வகையாக அறிவித்தார்கள். எத்தனை எழுத்து என்று அறிவிப்பில் இல்லை, நீளம் சொல்வது தன் பிரிவின் வேலையில்லை என்று நாலு சார் அந்த இடத்தை விட்டுவிட்டார். நீளம் சொல்லாவிட்டால் கருவி தானாக ஒரே ஒரு எழுத்துக்குத்தான் இடம் ஒதுக்கும். பதினேழு ஏ மறுபடியும் வெளியே நின்றது. முதல் எழுத்தான ஒன்றையாவது இப்போதைக்குப் போட்டு வைக்கலாமே, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மதிப்பு அலுவலர் கேட்டார். அவருக்கு மாடி ஏறுவதில் சிரமம் இருந்தது.

ஒன்பதாம் நாள், பட்டது போதும் என்று, நாலாயிரம் எழுத்துக்கு இடம் ஒதுக்கித் தாராளமாக அறிவித்தார்கள். மதிப்பு அலுவலர் படியேறி வருவதற்குள் மணி ஒன்றாகிவிட்டது. இருக்கையை விட்டு எழுந்தால் கருவியை மூடிவிட வேண்டும் என்பது விதி. கருவியை மூடினால் அறிவித்த டப்பாக்கள் எல்லாம் மறைந்துவிடும், அது அந்தக் கருவியின் சுபாவம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வாசல் இல்லை. மறைந்த வேரியபிளுக்கு மறைவுக் குறிப்பு எழுதிக் கோப்பை முடித்தால்தான் அடுத்ததை அறிவிக்க முடியும். ஐந்தாம் நாளிலிருந்து மறைந்த மூன்று வாசல்களுக்கும் தையல்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அவருக்குக் கோபம் வராமல் இல்லை. வந்தது, தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் கோபப்பட்டால் கோப்பு அடியில் போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வீட்டுக்குப் போனால் மனைவி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருப்பாள். படியிறங்கக் கூடாது என்று உத்தரவு.

"என்னங்க, இன்னிக்காவது நம்ம வீடு நம்ம வீடாச்சா?" என்று கேட்பாள்.

வேறு யாரையாவது காருக்குச் சொல்லி வைக்கலாமே என்றும் அவள்தான் சொன்னாள். இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தார்கள். ஒருவர் பகலில் ஊரில் இருப்பதில்லை, இன்னொருவர் போனை எடுப்பதில்லை.

பதினோராம் நாள் பதிவகத்தில் ஒரே அமர்க்களம். விதி வந்து ஏழு வருஷத்தில் முழுதாக விதிப்படி நடக்கப்போகும் முதல் திருத்தம் இதுதான் என்று தலைமையகத்துக்கு எழுதியிருந்தார்கள். அங்கிருந்து ஓர் உயர் அலுவலர் பார்வையிட வந்திருந்தார். புகைப்படக்காரர் ஒருவரும் வந்திருந்தார். இதற்கு முன்னால் திருத்தம் கேட்டு வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தையல்காரர் கட்டளையம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். பாதிப் பேர் வீட்டை மாற்றிக்கொண்டார்கள் என்றார் அவர்.

நாலு சார் எழுந்து நின்று பேசினார்.

"நம்ம பதிவகத்துல இது வரைக்கும் முப்பத்தெட்டாயிரம் வேரியபிள் அறிவிச்சிருக்கோம். ஒண்ணுலகூடத் தப்பான மதிப்பு போனதில்லை. ஏன்னா மதிப்பே போனதில்லை. இத நான் பெருமையாச் சொல்வேன்."

உயர் அலுவலர் கைதட்டினார். மணி அடித்தது. வாசல் அறிவிக்கப்பட்டது. எழுத்து வகை, நீளம் பத்து. அடுத்து மதிப்பு அலுவலர் வர வேண்டும். அவர் ஒரு வாரப் பயிற்சிக்குப் போயிருந்தார். அறிவிக்கப்பட்ட டப்பாக்களைக் குறித்த காலத்தில் நிரப்புவது எப்படி என்று பயிற்சி.

கட்டளையம்மா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "சார், டப்பால ஒண்ணும் இல்ல."

"அறிவிச்சாச்சு இல்ல?"

"அறிவிச்சாச்சு."

"பேரு, வகை, நீளம் எல்லாம் சரியா இருக்கு இல்ல? அப்புறம் என்ன? உள்ள என்ன இருக்குன்னு பாக்கறது நம்ம பிரிவு இல்லம்மா. சார் வேற நிக்கறாரு. கட்டளைய ஓட்டுங்க."

அவர் ஓட்டினார். பன்னிரண்டு வருஷம் சொன்னதைச் செய்து பழகிய கை, தலை வேண்டாம் என்று சொல்வதற்குள் அடித்துவிட்டது. அறிவிக்காத டப்பாவைச் சொன்னால் கருவி கத்தும். அறிவித்துவிட்டுக் காலியாக வைத்த டப்பாவைச் சொன்னால் ஒரு வார்த்தை பேசாது. ஒரு வரிசை மாற்றப்பட்டது என்று திரையில் வந்தது. உறுதியும் செய்தாயிற்று. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சான்றிதழை உயர் அலுவலர் தன் கையாலேயே கொடுத்தார். தங்கள் கதவு எண் வெற்றிகரமாகத் திருத்தப்பட்டது, புதிய எண், என்று அச்சாகி, அதற்குப் பக்கத்தில் வெள்ளையாக இருந்தது.

தையல்காரர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் வெள்ளை. எழுபத்தொன்று போய்விட்டது, பதினேழு ஏ வரவில்லை. சார், இதில் ஒன்றுமே இல்லையே என்றார். அந்த ஒன்றுமில்லாத இடம் விதிப்படி அறிவிக்கப்பட்டது என்று நாலு சார் அவர் தோளில் கை வைத்து விளக்கிக்கொண்டிருந்தபோது, கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. யாருக்கோ என்று எல்லோரும் புகைப்படத்துக்கு நின்றார்கள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் மாடிப்படி ஏறி நேராக உள்ளே வந்து, கர்ப்பிணி யார் என்று கேட்டார்கள்.

முன்னால் வந்தவர் கையிலிருந்த கருவியைப் பார்த்துப் படித்தார். எட்டாம் மாதம், ரத்தம் படுகிறது, தனியாக இருக்கிறார். போன் நம்பரையும் படித்தார். தையல்காரரின் கையிலிருந்து சான்றிதழ் விழுந்தது.

கதவு எண் இல்லாதவர்களுக்குப் பதிவகமே முகவரி என்று எங்கோ ஒரு விதி இருந்திருக்கிறது. அதன்படி வண்டி சரியான இடத்துக்குத்தான் வந்திருந்தது. தையல்காரர் அவர்கள் காலில் விழாத குறை. பதினேழு ஏ, நான் கூட வருகிறேன், வழி காட்டுகிறேன் என்றார். வந்தவர்களுக்கும் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. திரையில் வராத இடத்துக்கு வண்டியை எடுத்தால் வண்டி நின்றுவிடும், போன மாதம்தான் அப்படிப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார்கள்.

கட்டளையம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. அது அவமானம். நிறுத்தியிருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் விட்டோமே என்ற அவமானம் அவரைச் சுட்டது.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் நாலு சார்.

"வேரியபிள் அறிவிக்கிறேன்."

முதல் வரியை அடித்தார்.

"பேருக்கு யாரு ஒப்புதல் குடுத்தா? இதப் பாருங்க, நான் ஒண்ணும் உயிருக்கு எதிரி இல்ல. ஆனா இன்னிக்கு ஒரு உயிருக்காக நாம விதிய மீறினோம்னா, நாளைக்கு எல்லா உயிருக்காகவும் மீறச் சொல்வாங்க..."

இரண்டாவது வரியில் டப்பாவுக்குள் பதினேழு ஏ போயிற்று.

"...அப்புறம் இந்தப் பிரிவு எதுக்கு, நான் எதுக்கு? அத நினைச்சுப் பாத்தீங்களா..."

மூன்றாவது வரி. வாசலுக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி. யாருடைய வீடு என்பதையும் மறக்காமல் எழுதினார். ஒரு வரிசை மாற்றப்பட்டது. நாலாவது வரி.

"வந்துடுச்சு. பதினேழு ஏ" என்றார் ஸ்ட்ரெச்சர்க்காரர், தன் கருவியைப் பார்த்து. தையல்காரரும் அவர்களும் படிகளில் இறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது. நாலு சாரின் வாக்கியம் இன்னும் முடிந்திருக்கவில்லை. நாற்பது நொடி ஆகியிருந்தது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த புகைப்படக்காரர் பிறகு சாட்சி சொன்னார்.

அரை மணிக்கு நாலு நிமிஷம் மீதி இருக்கும்போது மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோவுக்கும் குறைவு. இருபது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்து பிழைத்துக்கொண்டது. தாயும் பிழைத்தாள். தையல்காரர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார், பதினோரு நாளுக்கும் சேர்த்து.

பதிவகம் சும்மா இருக்கவில்லை. ஒப்புதலில்லாமல் வேரியபிள் அறிவித்தது, பிற பிரிவின் மதிப்பை நிரப்பியது, நாற்பது நொடியில் முடித்து மற்றவர்களின் வேலைவேகத்தைக் கேள்விக்குள்ளாக்கியது என்று கட்டளையம்மா மேல் மூன்று குற்றச்சாட்டு. திருத்தம் ரத்தானது. தையல்காரரின் கதவு எண் விதிப்படி மறுபடியும் வெற்றிடமாக்கப்பட்டது. ரத்தான செய்தியை அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். கதவு எண் இல்லாததால் அது பதிவகத்துக்கே திரும்பி வந்தது. நாலு சார் கையெழுத்துப் போட்டு வாங்கி, மறுபடியும் அனுப்பினார்.

கட்டளையம்மாவைக் கட்டளை அடிக்கும் கருவி இல்லாத, போன் மட்டும் எடுக்கிற ஓர் இடத்துக்குத் தண்டனையாக மாற்றினார்கள். அது எந்த இடம் என்று தையல்காரருக்கும் தெரியாது.

குழந்தைக்கு மூன்றாம் மாதம். ஒருநாள் காலை பதினோரு மணிக்குக் காய்ச்சல் ஏறி, கண் செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. தையல்காரர் துணி எடுக்கப் போயிருந்தார். மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தாள். நம்ம பேருக்கு வண்டி எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தும் அடித்தாள், வேறு என்ன செய்ய. ஒரு பெண் குரல் எடுத்தது. பின்னாலிருந்து யாரோ திரையைப் பார்க்கச் சொல்வதும் கேட்டது.

"திரை கிடக்கட்டும். நீங்க எங்கம்மா இருக்கீங்க, அதச் சொல்லுங்க. நான் தாள்ல எழுதிக்கிறேன்" என்றது குரல். டிரைவருக்குத் தானே வழி சொல்வதாகவும், வண்டி நின்றால் இறங்கி ஓடி வரச் சொல்வதாகவும் சொன்னது.

மனைவி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். மரக்கடை தாண்டாமல், கேட்டும் தாண்டாமல், வீட்டுக்காரர் வீட்டுக்குப் பின்பக்கம், மாடிப்படி, நீலக் கதவு.

வண்டி தெருமுனையில் நின்றுவிட்டது. இரண்டு பேர் இறங்கி ஓடி வந்தார்கள். ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது. குழந்தை பிழைத்தது. அழைப்பவரிடம் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு யார் ஒப்புதல் கொடுத்தது என்று விசாரிக்க, நாலு சார் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டிருக்கிறது.